ஜாம்பி ஒத்திகை: எதற்கு, எப்படி?

அட்லாண்டாவில் உள்ள அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சுருக்கமாக சிடிசி என்பார்கள். எபோலாவோ, காலராவோ, புது வகைக் காய்ச்சலோ, எந்தத் தொற்று கிளம்பினாலும் அங்கே ஒரு குழு வேலையில் இறங்கிவிடும். 2011 மே மாதம் அந்த மையம், ஜாம்பிகள் தாக்கினால் மக்கள் எப்படித் தயாராக இருக்க வேண்டும் என்று தன் இணையதளத்தில் எழுதியது. எழுதியவர் அலி கான். அப்போது அவர் அங்கே அவசரகாலத் தயார்நிலைப் பிரிவின் தலைவர். படிக்க வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் சர்வர் படுத்துவிட்டது.

அடுத்த மாதமே அமெரிக்காவில் சூறாவளிக் காலம் தொடங்குகிறது. ஆண்டுதோறும் அதற்கு முன்னால் "தண்ணீர் சேமித்து வையுங்கள், டார்ச் வாங்கி வையுங்கள்" என்று சொல்வது அவர்களுடைய வழக்கம். ஆண்டுதோறும் அதை யாரும் கவனிப்பதில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தபோது மையத்தின் ஆட்கள் ட்விட்டரில் மக்களோடு பேசியிருக்கிறார்கள். எந்தப் பேரிடருக்குத் தயாராக இருக்கிறீர்கள் என்ற பேச்சில் ஜாம்பி என்ற பதிலும் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜாம்பிக்குத் தயாராக இருப்பவர் சூறாவளிக்கும் நிலநடுக்கத்துக்கும் கொள்ளைநோய்க்கும் தயாராகத்தான் இருப்பார் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரி என்றே நினைக்கிறேன். எந்த இடத்தில் அது இடறுகிறது என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

ஜாம்பி எல்லோருக்கும் தெரிந்த கற்பனைதான்: செத்த பிறகும் நடமாடும் உடல், அது கடித்தால் கடிபட்டவரும் அப்படியே ஆகிவிடுவார். இந்த உருவத்தின் வேர் ஹெய்ட்டி நாட்டின் அடிமைக் காலத்தில் இருக்கிறது. செத்த பின்னும் தோட்ட முதலாளிக்கு உழைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே இருந்த பயம். கடிப்பதும் தொற்றுவதும் பின்னாளில் அமெரிக்கத் திரைப்படங்கள் சேர்த்தவை. ஜாம்பி வருவதாக வைத்துக்கொண்டு பேரிடருக்குப் பழகிப் பார்ப்பதுதான் ஜாம்பி ஒத்திகை. அதற்கு நமக்கு வேண்டியது இந்தப் பிற்கால ஜாம்பிதான். வேகமாகப் பரவும், பேசிப் புரியவைக்க முடியாது, தானாக ஓயாது.

மூன்று வகை ஒத்திகைகள்

ஒத்திகை என்றதும் சைரன் ஊதுவதும் எல்லோரும் படியிறங்கி ஓடுவதும்தான் மனதுக்கு வரும். பேரிடர் மேலாண்மையில் இருப்பவர்கள் ஒத்திகையைப் பல வகையாகப் பிரிக்கிறார்கள். தொடங்குகிறவருக்கு மூன்று போதும்.

முதல் வகை மேசை ஒத்திகை. ஆறேழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். நடத்துபவர் ஒரு நிலைமையைச் சொல்கிறார்: "மாலை 6 மணி. காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்த மூன்று பேர் நர்ஸைக் கடித்துவிட்டார்கள். முதல் போன் யாருக்கு?" எல்லோரும் தத்தம் வேலையைச் சொல்வார்கள். பத்து நிமிடம் கழித்து அவர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார்: "போன் வேலை செய்யவில்லை." இப்படி நடுவில் தள்ளிவிடும் திருப்பத்துக்குத் துறையில் இன்ஜெக்ட் என்று பெயர். மேசை ஒத்திகையின் உயிரே அதுதான். யாரும் எழுந்து ஓட வேண்டாம், ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் "அதை அவர் பார்த்துக்கொள்வார் என்று நான் நினைத்தேன்" என்ற வாக்கியம் அந்த அறையில் கட்டாயம் வரும். அது வெளியே வருவதற்காகத்தான் உட்காருகிறோம்.

இரண்டாவது, ஒரே ஒரு செயலை மட்டும் திரும்பத் திரும்பச் செய்து பழகுவது. தீயணைப்புக் கருவியின் ஊசியை இழுப்பது, காயத்தை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துவது, இருட்டில் மெயின் ஸ்விட்சைத் தேடி அணைப்பது. டிரில் என்று கறாராகச் சொன்னால் இதுதான். கலிஃபோர்னியாவில் 2008-இல் தொடங்கிய ஷேக்அவுட் என்ற நிலநடுக்க ஒத்திகை இந்த வகை. குறித்த நேரத்தில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் தரையில் குனிந்து, மேசைக்கு அடியில் புகுந்து, மேசைக்காலைப் பிடித்துக்கொள்கிறார்கள். முடிந்தது. ஒரு நிமிட வேலை. நிலம் குலுங்கும்போது யோசிக்க நேரம் இருக்காது என்பதால் உடம்புக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள்.

மூன்றாவது முழு ஒத்திகை. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, காயம்பட்டவர்களாக நடிக்கும் தன்னார்வலர்கள் எல்லாம் வந்து இறங்குவார்கள். செலவு அதிகம். மாதக்கணக்கில் திட்டமிட வேண்டும்.

ஒஹாயோவில் ஜாம்பிகளைக் குளிப்பாட்டினார்கள்

முழு ஒத்திகைக்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு 2011 அக்டோபர் கடைசியில் ஒஹாயோ மாநிலத்தின் டெலவேர் மாவட்டத்தில் நடந்தது. ஆபத்தான வேதிப்பொருள் கசிந்தால் நூற்றுக்கணக்கானவர்களை எப்படிச் சுத்தப்படுத்தி அனுப்புவது என்பதை மாவட்ட அவசரகால நிர்வாகம் பழகிப் பார்க்க வேண்டியிருந்தது. இந்த மாதிரி ஒத்திகைக்கு ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. குளிர்காலம் நெருங்கும் நேரத்தில் ஒரு சனிக்கிழமையை விட்டுவிட்டு வந்து, மேலே தண்ணீர் பீய்ச்சப்படுவதற்கு நிற்க யார் சம்மதிப்பார்கள்? ஜாம்பி வேடம் போட்டு வாருங்கள் என்றார்கள். 200 பேருக்கு மேல் வந்தார்கள். ஒஹாயோ வெஸ்லியன் பல்கலைக்கழக வளாகத்தில் அது நடந்தது.

இங்கே ஜாம்பிகள் யார் என்று பாருங்கள். சுட்டுத் தள்ளவேண்டிய எதிரிகளாக அவர்கள் நிற்கவில்லை. வேதிப்பொருள் பட்ட நோயாளிகளாக நின்றார்கள். தடுமாறி நடப்பவர், சொல்வதைப் புரிந்துகொள்ளாதவர், வரிசையில் நிற்காதவர், உறுமுகிறவர். உண்மையில் ரசாயனம் தாக்கியவர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருப்பார்கள். பயந்து குழம்பியவரிடம் "உடையைக் கழற்றுங்கள்" என்று ஒரு பாதுகாப்பு உடைக்குள் இருந்து கத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் கை வழியாகத் தெரியும்.

ரசாயனம் பட்டவரைச் சுத்தப்படுத்துவதில் பாதிக்கு மேற்பட்ட வேலை உடையைக் கழற்றுவதிலேயே முடிந்துவிடுகிறது, ஏனென்றால் படிந்த பொருளில் பெரும்பங்கு துணியில்தான் இருக்கிறது. அதன் பிறகு நிறையத் தண்ணீர். கழற்றும்போது சட்டையைத் தலைக்கு மேல் இழுக்கக் கூடாது, முகத்தில் படும். வெட்டி எடுப்பது நல்லது. கழற்றிய துணியைப் பையில் போட்டுக் கட்டி ஒதுக்க வேண்டும். இதை ஒரு கையேட்டில் நாலு வரியில் எழுதிவிடலாம். 200 பேரை வரிசையாக அனுப்பும்போதுதான் பை போதவில்லை, துண்டு போதவில்லை, கண்ணாடியைக் கழற்றியவருக்கு வழி தெரியவில்லை என்பதெல்லாம் முளைக்கும்.

கூட்டமாக அடிபட்டவர்களைப் பிரிப்பதற்கும் இந்த மாதிரி ஒத்திகை உதவுகிறது. கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் 1983-இல் ஒரு மருத்துவமனையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து உருவாக்கிய முறையை இன்னமும் பயன்படுத்துகிறார்கள். நடக்கத் தெம்பிருப்பவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போங்கள் என்பார்கள். போனவர்களுக்குப் பச்சை அட்டை. மற்றவர்களிடம் மூன்றை மட்டும் பார்ப்பார்கள்: மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் போகிறதா, ரத்த ஓட்டம் இருக்கிறதா, சொன்ன சின்ன வேலையைச் செய்கிறாரா. எதில் தவறினாலும் சிவப்பு, முதலில் அவரைத்தான் தூக்க வேண்டும். மூன்றிலும் தேறிவிட்டார், ஆனால் நடக்க முடியவில்லை என்றால் மஞ்சள். மூச்சுக்குழாயைத் திறந்துவிட்டும் மூச்சு வராதவருக்குக் கறுப்பு. ஒருவருக்கு அரை நிமிடத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. கறுப்பு அட்டையை வைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்வதற்கு மனம் இடம் கொடுக்காது. அதைப் பழகுவதற்கு முகத்தில் சாயம் பூசிய ஒரு கல்லூரி மாணவர் எவ்வளவோ மேல்.

தெரியாத எதிரி எதற்கு?

நிலநடுக்கம், வெள்ளம் என்று உண்மையான பேரிடரையே எடுத்துக்கொள்ளலாமே, ஜாம்பி எதற்கு என்று கேட்பீர்கள். ஆள் சேர்வது ஒரு காரணம், ஆனால் அது சின்னக் காரணம். இதைவிட நல்ல பதில் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைக்கிறது.

அணு ஆயுதங்களைக் கையாளும் அமெரிக்க ராணுவத்தின் வியூகக் கட்டளையகம் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கிறது. 2011 ஏப்ரல் 30 தேதியிட்ட அதன் ஆவணம் ஒன்றின் எண் 8888. ஜாம்பிகளிடமிருந்து நாட்டைக் காப்பதற்கான முழுத் திட்டம் அது. 2014-இல் செய்தி வெளியானபோது உலகமே சிரித்தது. ஆனால் ஆவணத்தின் தொடக்கத்திலேயே இது வேடிக்கைக்காகச் செய்தது இல்லை என்று எழுதி, காரணமும் சொல்லியிருக்கிறார்கள். இளம் அதிகாரிகளுக்குத் திட்டம் தீட்டக் கற்றுக்கொடுக்க ஒரு கற்பனைப் போர் வேண்டும். நைஜீரியா, துனீசியா என்று உண்மை நாட்டின் பெயரைப் போட்டால், பயிற்சித் தாள் வெளியே கசியும் நாளில் அந்த நாட்டைத் தாக்கப் போகிறார்கள் என்று பேச்சாகிவிடும். ஜாம்பியைப் போட்டால் யாருக்கும் கோபம் வராது. 2009, 2010 கோடைகளில் இதைச் செய்து பார்த்தபோது மாணவர்கள் ஆர்வமாகக் கற்றதோடு, திட்டமிடலின் அடிப்படைகளையும் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள் என்கிறது ஆவணம்.

அந்த அடிப்படைகளில் ஒன்று, எது தெரிந்த உண்மை, எது நம் ஊகம் என்று பிரித்து எழுதுவது. ஜாம்பி ஒத்திகையின் முழுப் பலனும் இதில்தான் இருப்பதாக நான் நினைக்கிறேன். வெள்ளம் என்று தலைப்புக் கொடுத்தால் எல்லோரும் போன வெள்ளத்தைத்தான் நினைப்பார்கள். தண்ணீர் போன தடவை மூன்றாவது படி வரைதான் வந்தது, ஆகவே நாலாவது படி பத்திரம் என்பது பேசப்படாமலேயே உண்மையாகிவிடும். ஜாம்பிக்குப் போன தடவை என்று ஒன்று கிடையாது. அது ஓடுமா, மெதுவாக நடக்குமா? தண்ணீரைக் கடக்குமா? கடிபட்டவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? ஒவ்வொன்றையும் வாய்விட்டுக் கேட்டு, "நாம் இப்படி எடுத்துக்கொள்கிறோம், தவறாக இருந்தால் இப்படி மாற்றுவோம்" என்று எழுதியே ஆக வேண்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் வெள்ளத்துக்கும் அதே கேள்வியைக் கேட்கத் தோன்றும்.

இந்தப் பழக்கம் உயிரைக் காக்கும் என்பதற்கு ஜப்பானின் கமாய்ஷி நகரம் சாட்சி. அங்கே தோஷிதாகா கடாடா என்ற பேராசிரியர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் சுனாமிப் பயிற்சி கொடுத்து வந்தார். அவர் சொல்லிக்கொடுத்த முதல் விதி, வரைபடத்தில் போட்டிருக்கும் எல்லையை நம்பாதே என்பது. 2011 மார்ச் 11 அன்று நிலம் குலுங்கியதும் உனோசுமாய் பகுதியின் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து ஆரம்பப்பள்ளியும் கிளம்பியது. இரண்டு பள்ளிகளுமே வரைபடத்தின்படி வெள்ளம் எட்டாத இடத்தில் இருந்தவை. குறித்து வைத்த புகலிடத்தை அடைந்தபோது, பின்னால் இருந்த சரிவு இடிந்துகொண்டிருந்தது. இன்னும் மேலே போனார்கள். அங்கும் நிற்காமல் இன்னொரு தடவை மேலே ஏறினார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பள்ளிகளும் முதல் புகலிடமும் தண்ணீருக்குள் போயின. அங்கே நின்றிருந்தால் அந்தப் பிள்ளைகள் இல்லை. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பரவும் வேகம்

கொஞ்சம் கணக்கு. ஒட்டாவாவில் ஒரு பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் 2009-இல் ஜாம்பித் தொற்றுக்கு ஒரு கணித மாதிரி போட்டார்கள். நோய் பரவலைக் கணிக்க எல்லோரும் பயன்படுத்தும் அதே முறைதான்: மக்களை நலமாக இருப்பவர்கள், ஜாம்பிகள், அகற்றப்பட்டவர்கள் என்று பெட்டிகளாகப் பிரித்து, ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு பேர் எந்த வேகத்தில் போகிறார்கள் என்று பார்ப்பது. சாதாரணக் காய்ச்சலில் நோயாளி சில நாளில் குணமாவார் அல்லது இறப்பார். எப்படியானாலும் பரப்புவது நிற்கும். ஜாம்பிக்கு அந்த வடிகால் இல்லை. தனிமைப்படுத்தல் மட்டும் போதாது, தாமதம் செய்தால் எதுவுமே போதாது, சீக்கிரமாகவும் அடிக்கடியும் நடவடிக்கை எடுத்தால்தான் மனிதர்கள் மிஞ்சுவார்கள் என்று முடித்தார்கள்.

நீங்களே வீட்டில் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஜாம்பி நாளைக்கு ஒருவரை மட்டும் கடிக்கிறது என்று வையுங்கள். நாளுக்கு நாள் எண்ணிக்கை இரட்டிப்பாகும். பத்தாம் நாள் 1,024. இருபதாம் நாள் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். ஐந்தாம் நாள் வெறும் 32 தான் என்பதைக் கவனியுங்கள். அன்றைக்கு "32 பேர்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். முடிவெடுக்க வேண்டிய நாளும் அதுவேதான். அதனால் ஒத்திகையில் எப்போதும் ஒரு கோடு முன்கூட்டியே போட வேண்டும்: இன்ன செய்தி வந்தால் கிளம்புகிறோம், அப்புறம் விவாதம் கிடையாது.

மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அதற்கு ஒரு வினோதமான சோதனைக்களம் 2005 செப்டம்பரில் தற்செயலாகக் கிடைத்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில், ஒரு தனிப் பகுதிக்குள் மட்டும் இருக்க வேண்டிய தொற்று நோய் நிரலின் ஓட்டை வழியாக நகரங்களுக்குள் வந்துவிட்டது. கதாபாத்திரங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள். குணப்படுத்தும் சக்தி உள்ளவர்கள் உதவ வந்து, பலரை நோயோடேயே இன்னும் கொஞ்ச நேரம் நடமாட விட்டார்கள். என்னதான் நடக்கிறது என்று பார்ப்பதற்காக மட்டும் உள்ளே நுழைந்து தொற்றை வாங்கிப் போனவர்களும் உண்டு. எரிக் லாஃப்கிரென், நீனா ஃபெஃபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் இதை ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவரைப் பற்றி அதுவரை கணித மாதிரிகள் யோசிக்கவில்லை. உங்கள் ஒத்திகையிலும் அவருக்கு ஒரு பாத்திரம் கொடுங்கள். எந்தக் குடும்பத்திலும் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் எட்டிப் பார்க்கும் ஒருவர் இருப்பார்.

வீட்டில் செய்து பார்க்க

சரி, நாலு பேர் உள்ள வீடு ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படித் தொடங்குவது? முதலில் மேசை ஒத்திகை. காகிதத்தில் மூன்று விஷயம் எழுத வேண்டும். வீட்டுக்கு வெளியே உடனே கூட ஓர் இடம், அதாவது தெருமுனைக் கடை வாசல் மாதிரி. வீட்டுப் பக்கமே வர முடியாவிட்டால் கூட இன்னோர் இடம், ஊரின் வேறு பகுதியில். மூன்றாவது, வேறு ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரரின் போன் எண். இந்த மூன்றும் சிடிசியின் ஜாம்பிப் பதிவிலேயே உள்ளவை. வெளியூர் எண் எதற்கென்றால், பேரிடர் நேரத்தில் உள்ளூருக்குள் அழைப்பு நெரிசலில் கிடைக்காது, வெளியூருக்குச் சில சமயம் கிடைத்துவிடும். பிரிந்து போனவர்கள் எல்லோரும் அந்த ஒருவரிடம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லி வைத்தால் போதும், அவர் இணைத்துவிடுவார். எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டும் அல்லது காகிதத்தில் எழுதிப் பர்சில் வைக்க வேண்டும். செல்போனில் மட்டும் இருந்தால், சார்ஜ் தீரும்போது எண்ணும் போய்விடும்.

அடுத்தது பை. அந்தப் பதிவு ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர் என்கிறது. ஏறக்குறைய 3.8 லிட்டர். நாலு பேருக்கு மூன்று நாளைக்குக் கணக்குப் போட்டால் 45 லிட்டர், அதாவது 45 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு யாராலும் ஓட முடியாது. இந்த இடத்தில்தான் பலருடைய திட்டம் உடையும். ஆகவே இரண்டு தனித்தனி ஏற்பாடு வேண்டும்: கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பதற்கு ஒன்று, கையில் எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு ஒன்று. தண்ணீர்க் கேன்களும் அரிசி பருப்பும் முதலாவதில். இரண்டாவதில் ஆளுக்கு ஒன்றிரண்டு பாட்டில், சமைக்காமல் சாப்பிடக்கூடிய தீனி, அன்றாட மாத்திரைகள், டார்ச், பேட்டரியில் ஓடும் ரேடியோ, விசில், சோப்பு, முதலுதவிப் பொருள்கள், கொஞ்சம் சில்லறைப் பணம், ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், இன்சூரன்ஸ் ஆகியவற்றின் நகல்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில். கைக்குழந்தையோ வயதானவரோ இருந்தால் அவர்களுக்கான பொருள்தான் முதலில் உள்ளே போக வேண்டும், மற்றது அப்புறம்.

இப்போது நிஜ ஓட்டம். ஒருவர் நடத்துபவர், அவர் ஓடமாட்டார், கடிகாரத்தோடு நின்று பார்த்து எழுதுவார். "தெருக்கோடியில் ஜாம்பி, பத்து நிமிடம்" என்று சொல்லிவிட்டு நேரத்தைத் தொடங்குவார். கேஸ் சிலிண்டரை மூடுவது, மெயின் ஸ்விட்சை அணைப்பது, பையை எடுப்பது, கதவைப் பூட்டுவது, முதல் இடத்துக்கு நடந்து போவது. நாலாவது நிமிடத்தில் அவர் முதல் சீட்டை நீட்டட்டும்: முன்வாசல் வழி இல்லை. ஆறாவது நிமிடத்தில் இன்னொன்று: அப்பாவுக்குக் கால் பிசகிவிட்டது, இனி அவரைத் தாங்கித்தான் கூட்டிப்போக வேண்டும். முதல் தடவை எல்லாம் குளறுபடியாகத்தான் போகும். சாவி எங்கே என்று தேடுவதிலேயே மூன்று நிமிடம் கரைந்துவிடும். பாட்டியின் பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் என்று பாட்டிக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அதெல்லாம் ஒத்திகை நன்றாக நடந்ததற்கு அடையாளம்.

முடிந்ததும் உடனே, வியர்வை காயும் முன்னே, நின்ற இடத்திலேயே பேச வேண்டும். எது நன்றாகப் போனது, எங்கே திணறினோம், அடுத்த ஞாயிறுக்குள் யார் எதைச் சரிசெய்வது. யார் தப்பு செய்தார் என்ற பேச்சை நடத்துபவர் அனுமதிக்கக் கூடாது. பேச்சு அந்தப் பக்கம் போனால், அடுத்த தடவை யாரும் ஒத்திகைக்கு வரமாட்டார்கள். அலுவலகத்திலோ கல்லூரியிலோ செய்தால் இதை எழுதி வைப்பது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஆட்கள் மாறுவார்கள், தாள் இருக்கும்.

நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் மோர்கன் ஸ்டான்லி என்ற நிதி நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ரிக் ரெஸ்கார்லா இதை விடாப்பிடியாகச் செய்தவர். 1993-இல் அங்கே நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு அவர் ஊழியர்களை அடிக்கடி படியிறங்க வைத்தார். கோடிக்கணக்கில் பணம் புரளும் வேலை நடுவே எழுப்பி விடுகிறாரே என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று பக்கத்துக் கோபுரம் எரியும்போது, இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று கட்டட ஒலிபெருக்கி சொன்னதையும் மீறி அவர் தன் ஆட்களைக் கீழே அனுப்பினார். ஏறக்குறைய 2,700 பேர் பிழைத்தார்கள். மிச்சம் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க மேலே போன அவர் திரும்பவில்லை.

"இது ஒத்திகை" என்று சொல்லுங்கள்

வீட்டைத் தாண்டி தெருவிலோ வளாகத்திலோ ஜாம்பி ஒத்திகை நடத்துவதாக இருந்தால் ஒரு விஷயத்தில் தயவு தாட்சண்யமே கூடாது. அக்கம்பக்கத்தாருக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒத்திகைச் செய்தி ஒவ்வொன்றும் "இது ஒத்திகை" என்று தொடங்கி அப்படியே முடிய வேண்டும். நடுவில் யாருக்காவது உண்மையிலேயே அடிபட்டால் கத்துவதற்கு, எல்லோரும் அறிந்த வேறு ஒரு சொல் வேண்டும்.

2018 ஜனவரி 13 காலை ஹவாயில் எல்லோருடைய போனிலும் ஏவுகணை வருகிறது, ஒளிந்துகொள்ளுங்கள் என்று செய்தி வந்தது. அவசரகால அலுவலகத்தில் ஓர் உள் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அதற்கான தொலைபேசிச் செய்தியின் முன்னும் பின்னும் "ஒத்திகை" என்று இருந்தும், நடுவில் "இது ஒத்திகை அல்ல" என்ற வரியும் இருந்தது. கேட்ட ஊழியர் நிஜம் என்று நம்பி எச்சரிக்கையை அனுப்பிவிட்டார். தவறு என்று மக்களின் போனுக்குத் திருத்தம் வர 38 நிமிடம் ஆனது. பிள்ளைகளைச் சாக்கடைக் குழிக்குள் இறக்கிய பெற்றோரைப் பற்றியெல்லாம் அன்று செய்தி வந்தது. ஜாம்பியாலும் ஒரு தடவை இப்படி நடந்திருக்கிறது: 2013 பிப்ரவரியில் மொன்டானா மாநிலத்தில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் அவசர எச்சரிக்கைக் கருவிக்குள் யாரோ நுழைந்து, பிணங்கள் கல்லறையிலிருந்து எழுந்து வருகின்றன என்று ஒலிபரப்பிவிட்டார்கள். கருவியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமலேயே விட்டிருந்ததுதான் அதற்கு வழிவிட்டது.

ஜாம்பி கற்றுத்தரும் தப்பான பாடம்

இனி, கணக்கு இடறும் இடம். முதலாவது, ஆர்வம் வேறு, செயல் வேறு. சிடிசியின் ஜாம்பிப் பிரசாரத்தை வைத்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேடிக்கையான செய்தியைப் படித்தவர்களிடம், சாதாரணச் செய்தியைப் படித்தவர்களைவிடத் தயாராக வேண்டும் என்ற எண்ணம் குறைவாகவே இருந்தது. படித்துச் சிரித்துப் பகிர்ந்தால் வேலை முடிந்ததாகத் தோன்றிவிடுகிறது. ஜாம்பி ஆளைக் கூட்டிவந்த அன்றைக்கே பையைக் கட்ட வைத்துவிட வேண்டும்.

இரண்டாவதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. ஜாம்பிக் கதையில் பக்கத்து வீட்டுக்காரர் எந்த நிமிடமும் எதிரியாகலாம். ஆகவே கதவைப் பூட்டு, ஆயுதம் வை, யாரையும் நம்பாதே என்று அது சொல்கிறது. உண்மைப் பேரிடரில் நடப்பது இதற்கு நேர் எதிர். அமெரிக்காவில் 1963-இல் பேரிடர் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவரான என்ரிக்கோ குவரன்டெல்லி வாழ்நாள் முழுக்க இதைத்தான் எழுதினார்: கண்மண் தெரியாத பீதியும் கொள்ளையும் நாம் நினைப்பதைவிட மிக அரிது, மக்கள் ஒருவருக்கொருவர் உதவுவதே வழக்கம். 1995-இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் இடிபாட்டுக்குள் சிக்கியவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தது குடும்பத்தாரும் அண்டை அயலாரும்தான். 2015 சென்னை வெள்ளத்தில் மீனவர்கள் படகைத் தெருவுக்குள் கொண்டுவந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

ஆகவே ஒத்திகையை எழுதும்போதே இதைத் திருத்திவிடுங்கள். ஆயுதத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். விளையாட்டுத் துப்பாக்கியும் வேண்டாம், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது விளையாட்டு என்று தெரியாது. கடிபட்டவரை விட்டுவிட்டு ஓடுவது வெற்றி என்று வைக்காமல், ஒஹாயோவில் செய்தது போல அவரைக் கழுவி, காயம் கட்டி, அட்டை கொடுத்து அனுப்புவதை வெற்றியாக வையுங்கள். தனியாக இருக்கும் எதிர்வீட்டு மாமியின் கதவைத் தட்டினீர்களா என்பதற்கும் மதிப்பெண் கொடுங்கள். அவரிடம் முன்கூட்டியே பேசி, எந்த மருந்து வேண்டும், படியிறங்க யார் துணை வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டால் ஒத்திகை உங்கள் வாசலைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

முதல் ஒத்திகையைப் பகலில் செய்யுங்கள். இரண்டாவதை இரவில், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு. மூன்றாவதை வீட்டில் இருவர் மட்டும் இருக்கும் நேரத்தில், மற்றவர்கள் பள்ளியிலும் வேலையிலும் இருக்கும்போது. பேரிடர் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து மாத்திரை, தீனி, பேட்டரி ஆகியவற்றின் தேதியைப் பாருங்கள். குழந்தையின் செருப்பு இன்னும் காலுக்குச் சேர்கிறதா என்றும் போட்டுப் பாருங்கள்.